கவருக்கு வைத்த பொட்டு

வன்னியம்பட்டியிலிருந்து போன் வந்தபோது பாண்டிசெல்வி ஒரு மாவு மில்லுக்கான பட்டியலை எழுதிக்கொண்டிருந்தாள்.

ராஜபாளையத்தில் சிறுதொழில் செய்பவர்களின் சங்கம் நடத்தும் இலவச ஆலோசனை மையம் அது. ஒரே அறை, இரண்டு மேஜை. ஒன்றில் எஞ்சினியர் ஆல்வின், இன்னொன்றில் பாண்டிசெல்வி. லேத் பட்டறையோ, பேண்டேஜ் துணி செய்யும் கம்பெனியோ, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் இடமோ, யார் கூப்பிட்டாலும் இருவரும் போவார்கள். எந்த இடத்தில் கை சிக்கும், எந்த ஒயர் பிய்ந்திருக்கிறது, தீப்பிடித்தால் ஆட்கள் எந்த வழியாக வெளியே வருவது, சட்டம் கேட்பதில் எதெல்லாம் இல்லை என்று பார்த்து எழுதிக் கொடுப்பார்கள். பார்த்ததை அதிகாரிகள் யாரிடமும் சொல்வதில்லை. கூப்பிடாத இடத்துக்குப் போவதும் இல்லை.

இலவசம் என்பதுதான் ஆரம்பத்தில் யாருக்கும் விளங்கவில்லை. இன்சூரன்ஸ் விற்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, வீட்டில் ஏற்கனவே மூன்று பாலிசி இருக்கிறது என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிய முதலாளி உண்டு. பின்பக்கக் கதவு வழியாகப் பாதி ஆட்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு, மீதிப் பேரை மட்டும் காட்டியவர் உண்டு. பால்கோவாக் கடைக்காரர் ஒருவர் கிலோ டப்பாவை நீட்டினார். பாண்டிசெல்வி வாங்கவில்லை. டப்பாவைத் தாங்கியிருந்த அந்தக் கையில் முழங்கை வரை நீராவி சுட்ட தழும்பு இருப்பதைப் பார்த்து, முதலில் அதைப் பற்றித்தான் கேட்டாள். அன்றிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் அவரே நாலு பேருக்கு மையத்தின் நம்பரைக் கொடுத்தார்.

ஆறு வருடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள் பார்த்தாயிற்று. அவற்றில் சேராத ஒரு இடத்திலிருந்துதான் இப்போது போன்.

எடுத்தவர் ஆல்வின். பேசியது கார்த்திகா, பேண்டேஜ் கம்பெனி சுந்தரபாண்டியனின் மகள். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், இரண்டு வருடங்களாக அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். தொழிற்சாலைகளை ஆய்வு செய்யும் துறையிலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். குறைகளைச் சரிசெய்ய ஒன்றரை மாதம் தந்திருக்கிறார்களாம். ஆல்வின் போனை வைத்துவிட்டு, இதற்குத் தான் மட்டும் போய் வந்துவிடுவதாகச் சொன்னார்.

பாண்டிசெல்வி பேனாவை மூடினாள். "நானும் வாரேன் சார். பட்டியல் எழுத ஆள் வேணும்லா."

ஏழு வருடங்களுக்கு முன்னால் அந்தக் கம்பெனியில்தான் அவள் கணவன் ஜெயபாண்டி இறந்தான்.

துணி சுருட்டும் மிஷினில் வேலை அவனுக்கு. ஆயுத பூஜைக்கு எல்லா மிஷினையும் துடைத்து, பெல்ட்டை மூடியிருக்கும் கவரைக் கழற்றி, உள்ளே பெல்ட் சுற்றும் சக்கரமான புல்லிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போடுவார்கள். போட்ட மாலையை மூன்று நாளைக்கு எடுக்கக் கூடாது என்பது அந்தக் கம்பெனி வழக்கம். மாலை கிடக்கும்போது கவரை மாட்ட முடியாது. ஆகவே மூன்று நாளும் கவர் சுவரில் சாய்ந்திருக்கும், மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். அந்த வருடம் பூஜைக்கு மறுநாள் காலையில் மாலையின் வாழைநார் அறுந்து புல்லியில் சுற்றியது. அதை விலக்கிவிடக் குனிந்தான் ஜெயபாண்டி. பூஜைக்கு முதலாளி எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்த புதுத் துண்டு அவன் கழுத்தில் கிடந்தது. பெல்ட் துண்டைத்தான் முதலில் இழுத்தது.

அன்று சுவிட்சைப் போட்டவன் சின்னக்கருப்பன். ஜெயபாண்டிக்குத் தம்பி மாதிரி. அவன் மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் பாண்டிசெல்வி வீட்டுப் பக்கம் வரவே இல்லை. வன்னியம்பட்டி விலக்கில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளைக் கண்டால் மறுபக்கம் போய் நின்றுகொள்வான்.

கம்பெனிக்குள் பாண்டிசெல்வி வந்ததும் கார்த்திகா பதறி எழுந்தாள். ஆல்வினோடு வருவது இவள் என்று அவளுக்கு முன்பே தெரியாது. நாற்காலியைத் துடைத்தாள், குடிக்கக் கலர் வாங்கி வரச் சொன்னாள், பிறகு அக்கா என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டாள். பாண்டிசெல்வி அவளிடம் துறைக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, நின்றபடியே முழுதும் படித்தாள்.

ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். முதலுதவிப் பெட்டியில் காலாவதியான டிஞ்சர். தீயணைப்பான் இருந்தது, அதன் முன்னால் இருபது துணிக் கட்டு. கடைசியாகத் துணி சுருட்டும் மிஷின். கவர் அதன் மேல்தான் இருந்தது. எண்ணெய் டின்னை வெட்டி விரித்து, ஓரங்களைக் கையைக் கிழிக்காதபடி மடித்துத் தட்டிய தகரக் கவர். அதன் நெற்றியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜன்னல், அதற்கு ஒரு மூடி.

ஆல்வின் அந்த மூடியைத் திறந்து திறந்து மூடினார். கவரைக் கழற்றாமலே எண்ணெய் விட வழி செய்திருக்கிறார்களே, யார் இதைச் செய்தது, எஞ்சினியரிங் படித்தவனுக்குக்கூட இது தோன்றாது என்றார்.

"எங்க வீட்ல உள்ளவிய செஞ்சது சார்," என்றாள் பாண்டிசெல்வி. நாலு பேர் கேட்கட்டும் என்று சற்று உரக்கவே சொன்னாள்.

தகரம் இற்றுப்போயிருந்தது. அதே அளவில், அதே ஜன்னலோடு, கெட்டித் தகட்டில் புதுக் கவர் செய்வது என்று முடிவாயிற்று. இனிமேல் கழற்றி வைக்க முடியாதபடி கீல் போட்டுக் கதவாகத் திறக்கும். திறந்தால் மோட்டார் தானாக நிற்க ஒரு சுவிட்ச். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய கார்த்திகா, பூஜைக்கும் கவரைத் திறக்காமல் பொட்டும் மாலையும் அதன் மேலேதான் வைக்க வேண்டும் என்றபோது மட்டும் மிஷினுக்குப் பின்னால் பார்த்தாள்.

அங்கே சின்னக்கருப்பன் நின்றிருந்தான். இங்கே பூஜை செய்து மாலை போடுவது இப்போது அவன்தான். தரையைப் பார்த்தபடி, பாண்டிசெல்விக்கு அல்ல, பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னான்.

"எல்லாம் சரிதான். புல்லிக்குப் பொட்டு வைக்காம எப்பிடி ஓட்டுறது? கவருக்கு வச்சா அது மிஷினுக்குப் போய்ச் சேருமா?"

"நம்ம வீட்டு வாசல் நிலைக்குத்தான் தம்பி மஞ்சளும் பொட்டும் வைக்கோம்," என்றாள் பாண்டிசெல்வி. "வீட்டுக்குப் போய்ச் சேராமலா இருக்கு?"

துணி மடித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். பரிபூரணம் என்ற வயதான தொழிலாளி, எங்க கோயிலில் மாதாவுக்குக் கண்ணாடிக்கு வெளியேதான் மாலை போடுகிறோம், அவள் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை என்று தன் பங்குக்குச் சொன்னாள். சின்னக்கருப்பன் சிரிக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

புதுக் கவர் இருபது நாளில் வந்தது. தீயணைப்பானுக்கு முன்னால் மஞ்சள் கோடு போட்டாயிற்று. கார்த்திகா பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் அடித்து மையத்துக்குப் படம் அனுப்பினாள். துறை அதிகாரியும் வந்து பார்த்து, குறை இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். மற்ற இடங்களில் இதோடு மையத்தின் வேலை முடிந்துவிடும். பாண்டிசெல்விக்கு முடியவில்லை. அதிகாரி பார்த்தது ஒரு சாதாரண நாளில். பூஜைக்கு மறுநாள் அந்தக் கவர் மூடியிருக்குமா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். அன்றைக்குத் திறந்து கிடந்தால், தான் இத்தனை ஊர் நடந்து எழுதிய தாளெல்லாம் எதற்கு என்று அவளுக்குத் தோன்றியது.

பூஜைக்கு அவசியம் வர வேண்டும் என்று கார்த்திகா அழைத்தாள்.

"பூஜைக்கு வேண்டாம்மா. மறுநா காலையில கூப்பிடு. மிஷின் போடுத நேரத்துக்கு."

மறுநாள் எட்டரைக்கு அவள் வன்னியம்பட்டி விலக்கில் இறங்கினாள். கம்பெனி வாசலில் லாரி நின்றது. வாசலிலேயே உடைத்த பூசணிக்காயைத் தாண்டிக்கொண்டு போனாள். உள்ளே சத்தமே இல்லை. வேலை நேரம் தொடங்கியும் மிஷின் ஓடவில்லை. எல்லோரும் வேலையை விட்டுவிட்டு ஒரே பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சுவிட்ச் போர்டை முதுகால் மறைத்துக்கொண்டு சின்னக்கருப்பன் நின்றான். எதிரே சூப்பர்வைசர் பிரேம்குமார், கையில் ஒரு துண்டு வாழைநாரோடு.

நடந்ததைக் கார்த்திகா சொன்னாள். பொட்டும் மாலையும் கவருக்குத்தான் வைத்தார்கள். காலையில் எண்ணெய் பார்க்க பிரேம்குமார் கவரின் கதவைத் திறந்தான். ஜன்னல் எதற்கு இருக்கிறது என்பது அவனுக்கு மறந்துவிட்டது. மூடும்போது மாலை கீலில் மாட்டிக்கொண்டது. கதவு விரலளவுக்குத் திறந்தே நின்றது, மோட்டார் ஓடவில்லை. மாலையை மூன்று நாள் எடுக்கக் கூடாது. லாரியோ வந்து நிற்கிறது. அதனால் அந்த நிறுத்தும் சுவிட்சை நாரால் இழுத்துக் கட்டிவிட்டால் மோட்டார் ஓடும் என்று அவன் கட்டியிருக்கிறான். சின்னக்கருப்பன் நாரை அறுத்து அவன் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய் சுவிட்ச் போர்டின் முன்னால் நின்றுகொண்டான். அரைமணி நேரமாக நிற்கிறான்.

பிரேம்குமார் கெட்டவன் அல்ல, அவசரக்காரன். விரலளவு இடைவெளிதானே, செத்த நேரம் ஓட்டிவிட்டு நிறுத்திவிடலாம், லாரி போய்விட்டால் பிறகு யார் பொறுப்பு என்று கேட்டுக்கொண்டிருந்தான். மாலையை எடுக்கவும் விடமாட்டேன் என்கிறான், மிஷினைப் போடவும் விடமாட்டேன் என்கிறான், இவனை என்னதான் செய்வது என்றான். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. மாலை விஷயத்தில் சின்னக்கருப்பனைப் போலக் கறாரானவன் அந்தக் கம்பெனியில் வேறு யாருமில்லை.

சின்னக்கருப்பன் பாண்டிசெல்வியைப் பார்த்தான். ஏழு வருடங்களில் முதல் முறையாக நேருக்கு நேராகப் பார்த்தான்.

"மதினி, மாலைய நீங்க எடுத்துருங்க."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். புருஷன் இல்லாதவளைப் பூஜை மாலையைத் தொடச் சொல்கிறானே என்பது அங்கிருந்த அத்தனை பேர் முகத்திலும் தெரிந்தது. அவளுக்கும் அதுதான் முதலில் தோன்றியது.

"நானா தம்பி?"

"நீங்கதான். வேற யார் எடுத்தாலும் எனக்கு மனசு ஒப்பாது. அன்னைக்கு நான் எடுத்துருக்கணும். வழக்கம்னு விட்டுட்டேன்."

பாண்டிசெல்வி பையைப் பரிபூரணத்திடம் கொடுத்துவிட்டு மிஷின் பக்கம் போனாள். மாலையை இழுக்கவில்லை. கீலில் சிக்கிய நாரை நகத்தால் நிமிண்டி, ஒரு பூகூட உதிராமல் கழற்றினாள். எங்கே வைப்பது என்று திரும்பியபோதுதான் கண்ணில் பட்டது. எதிர்ச் சுவரில் ஆணி அடித்து, ஜெயபாண்டி செய்த தகரக் கவரை மாட்டியிருந்தார்கள். துருவைத் துடைத்து எண்ணெய் பூசி வைத்திருந்தாள் கார்த்திகா. படம் எதிலும் இதை அவள் அனுப்பவில்லை.

பாண்டிசெல்வி மாலையை அதன் மேல் போட்டாள். மூன்று நாள் இங்கே கிடக்கட்டும், வழக்கமும் கெடாது என்றாள். பரிபூரணம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

புதுக் கவரின் கதவை பிரேம்குமாரே போய் அழுத்தி மூடினான். உள்ளே சுவிட்ச் விழும் சின்ன ஓசை கேட்டது. ஜன்னலுக்குப் பக்கத்தில், சின்னக்கருப்பன் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து, வட்டம் பிசகாமல் இருந்தன. அவன் கவரை ஒருமுறை தள்ளிப் பார்த்தான். எல்லோரும் விலகிவிட்டார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகுதான் மிஷினைப் போட்டான்.

அந்தச் சத்தம் பாண்டிசெல்விக்குப் பழையது. சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் வந்து நிற்கும்போது, இந்தச் சத்தத்தை வைத்தே ஜெயபாண்டி வேலையில் இருக்கிறான் என்று தெரிந்துகொள்வாள். இன்று லாரிக்கான கடைசித் துணி சுருண்டு வரும்வரை நின்று கேட்டாள்.

பரிபூரணத்திடமிருந்து பையை வாங்கிப் பட்டியலை எடுத்தாள். பெல்ட் கவர் என்ற இடத்தில், 'உண்டு, மூடியிருக்கிறது' என்று எழுதினாள். பார்த்தவர் பெயர் என்ற இடத்தில் வழக்கமாக பாண்டிசெல்வி என்று மட்டும் எழுதுவாள். இன்று 'பாண்டிசெல்வி ஜெயபாண்டி' என்று எழுதி, தேதியும் போட்டாள்.

சின்னக்கருப்பன் டீ கொண்டுவந்து நீட்டினான். மத்தியானம் அவள் வீட்டுக்குச் சாப்பிட வரலாமா என்று கேட்டான்.

"வா," என்றாள் பாண்டிசெல்வி. "முதல்ல அந்தத் தீயணைப்பான் முன்னால மறுபடியும் ஒரு கட்டு வச்சிருக்கியே, அத எடு."