மூக்காண்டியின் கெண்டைக்கால்

1979 ஆடித் தபசுத் திருவிழாவை ஒட்டி நடந்த கபடிப் போட்டியில், சங்கரன்கோவில் விசைத்தறித் தொழிலாளர்களான எங்களுக்கும் புளியங்குடி எலுமிச்சைச் சந்தை மூட்டைக்காரர்களுக்கும் இறுதி ஆட்டம். எங்கள் பக்கம் பாடிப் போகிறவன் மூக்காண்டி. அந்தப் பக்கம் மடக்கிப் பிடிக்கிறவர் காசிராஜன். மூக்காண்டியின் மனைவி பேச்சித்தாய்க்கு உடன்பிறந்த அண்ணன். போன வருடம் தோற்றதிலிருந்து, மாமனார் வீட்டுக்குப் போனால் போதும், மச்சான்மார் அவன் விழுந்த விதத்தை நடித்துக் காட்டுவார்கள். அவன் போவதையே விட்டுவிட்டான். பேச்சித்தாய்க்கும் பிறந்த வீடு இல்லாமல் போயிற்று.

இந்தத் தடவை எங்கள் தலைவர் பீர் மைதீன் ஒரு முடிவுக்கு வந்தார்.

"நாள்பூரா தறிக்கும் தறிக்கும் நடந்துதானே காலு ஓயுது? ரெண்டு நாளைக்கு இவன் கால் தரையில படக்கூடாது மக்கா. பலத்தைச் சேத்து வைப்போம்."

லீவு வாங்கி, கட்டிலில் கிடத்தினோம். காலுக்குத் தலையணை. மைதானத்துக்கும் சைக்கிள் கேரியரில்தான் வந்தான்.

விசில் ஊதியதும் பாய்ந்தான். கோட்டைத் தாண்டிச் சற்று தூரம்தான். வலது கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது. காசிராஜன் அவனைக் குழந்தைபோலத் தூக்கினார்.

"மாப்ளே, கட்டில் கொண்டாரச் சொல்லட்டா?"

கூட்டம் சிரித்தது. இடைவேளையில் நாங்கள் பின்தங்கியிருந்தோம்.

"இன்னுங் கொஞ்சம் படுக்கட்டும்" என்றார் பீர் மைதீன்.

பேச்சித்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "படுக்கப் போட்டுத்தானே அண்ணாச்சி இந்தக் கோலம்! தறிக்குப் போற நாள்ல ஒரு தடவை இப்படிச் சதை பிடிச்சிருக்கா? அசையாமக் கெடந்தா சதை விறைக்காதா?"

அவன் காலை நீட்டி, கால்விரல்களை முழங்கால் பக்கமாக மெல்ல வளைத்து இழுத்தாள். மூக்காண்டி அலறினான்.

"ஏட்டி, நீ எந்த ஊர்க்காரி?" என்று காசிராஜன் கத்தினார்.

"திங்கது இந்த ஊர்ச் சோறுல்லா!"

இறுக்கம் விட்டதும் அவனை எழுப்பி, தறிக்கு நடுவே நடப்பதுபோல விறுவிறுவென்று நடக்க விட்டோம். வேர்த்தது. சதையில் சூடு ஏறியது. அதற்குப் பிறகு அவன் பாடிப் போன போதெல்லாம் ஆளைத் தொட்டுவிட்டே திரும்பினான்.

புள்ளி சமமாகிவிட்டது. கடைசிப் பாட்டு. காசிராஜனைத் தொட்டுத் திரும்பியவனின் கணுக்காலை அவர் பாய்ந்து பிடித்தார். குப்புற விழுந்தான். பிடிபட்ட கால் முழுதாக நீண்டது. கெண்டைக்கால் இந்தத் தடவை ஏமாற்றவில்லை. மற்றக் காலால் தரையை உந்தி எட்டிப் பாய்ந்தான். விரல்நுனி நடுக்கோட்டில் பட்டது. ஒரு புள்ளியில் ஜெயித்துவிட்டோம்.

"ரெண்டு நாள் படுக்கப் போட்டது வீண் போகலை பாத்தியளா!" என்று பீர் மைதீன் குதித்தார்.

பேச்சித்தாய் அண்ணனிடம் ஓடினாள். "அண்ணே, அவரு காலை விடு. நாளைக்கு ரெண்டு பேரும் வாரோம், அம்மாட்ட சொல்லிரு."

காசிராஜன் வாயிலிருந்த மண்ணைத் துப்பினார். "வாங்க, வாங்க. மொதல்ல என்னையத் தூக்கி விடுங்க."