நான்காம் தடத்துத் தோட்டாக்கள்

ரெகுலா இன்ஃபாங்கர் தன் வாழ்நாளில் சுட்ட முதல் தோட்டா, ஏப்ரல் பதினாறாம் தேதி சனிக்கிழமை பிற்பகல் இரண்டேகால் மணிக்கு, பதினோரு மீட்டர் தூரம் போய் அந்தரத்தில் நின்றுவிட்டது. இருபத்தைந்து மீட்டர் தள்ளியிருந்த குறி அட்டையில் ஒரு கீறல்கூட இல்லை. தோட்டா தோள் உயரத்தில், மூக்கைச் சற்றே கீழே சாய்த்தபடி மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. சாயங்காலம் வரை கிட்டே போனால் சூடு தெரிந்தது. அடுத்த நான்கும் அதே இடத்துக்குப் போய், தொட்டியில் தண்ணீர் குடிக்கும் மாடுகளைப்போல ஒன்றையொன்று ஒட்டி நின்றன. ஓபர்ரீட் என்ற மலைக் கிராமத்தின் துப்பாக்கிச் சங்கக் குறிப்பேட்டில் அன்றைய பக்கத்தில், தெற்குக் காற்று மிதம், வந்தவர்கள் பதினான்கு பேர், நான்காம் தடத்தில் ஐந்து தோட்டாக்கள் வழியில் நிற்கின்றன என்று எழுதியிருக்கிறது. அதே துப்பாக்கியை வாங்கி ஐந்தாம் தடத்தில் நின்று சுட்டுப் பார்த்தான் அவள் கொழுந்தன் மெல்க். நேரே போய் அட்டையின் நடுவே, பத்து மதிப்பெண் வட்டத்தில் விழுந்தது. "துப்பாக்கில ஒரு கோளாறும் இல்ல அண்ணி. நீங்கதான் ரொம்பக் கோவமாப் பிடிக்கிறீங்க" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

கோபம் இருந்தது உண்மைதான். அது அன்றைக்கு வந்தது இல்லை. முப்பத்தொரு வருடம் அந்தச் சங்கத்தின் சமையலறை ரெகுலாவிடம் இருந்தது. சனிக்கிழமைதோறும் தொத்திறைச்சி சுட்டாள், உருளைக்கிழங்கு சாலட் கலந்தாள், பீர் கிளாஸ்களைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்தாள், சங்கக் கொடியை இஸ்திரி போட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் வெடிக்கும் சத்தத்தை வைத்தே, யார் சுடுகிறார்கள், எத்தனையாவது குண்டு என்று சொல்லிவிடுவாள். கல்யாணமான நான்காவது வருடம் ஒருமுறை, நானும் சுட்டுப் பார்க்கட்டுமா என்று புருஷன் காஸ்பரிடம் கேட்டாள். சங்கத் தலைவராகவும் இருந்த அவர் எல்லார் முன்னாலும் அவள் கையைத் தூக்கிக் காட்டி, "இது மாவு பிசையற கைம்மா. பாவம், அதுக்குப் போய் வேற வேலை குடுக்கறியே" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. அன்றைக்கும் சாப்பாடு நன்றாக இருந்தது என்று பாராட்டினார். அவள் மறுபடி கேட்கவில்லை. போன தை மாதக் குளிரில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மண்ணெடுத்துப் போட்ட ஆறாவது வாரம், ஐம்பத்தெட்டு வயதில், ரெகுலா உறுப்பினர் படிவத்தை நிரப்பிக் கொண்டுபோய் நீட்டினாள். மறுக்க விதியில் இடமில்லை. ஆனால் துப்பாக்கியை அவர்களே முடிவு செய்தார்கள். மாநில அளவிலான கான்டன் போட்டியில் மாலை வாங்கித் தந்த காஸ்பரின் ஒன்பது மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி இருக்கும்போது இன்னொன்று எதற்கு? பிடி தடிமனாக இருக்கிறது, விசைக்கு விரல் எட்டவில்லை, ஒவ்வொரு முறையும் மணிக்கட்டை உதறுகிறது என்றாள். பழகிவிடும் என்றார்கள்.

மே மாதம் மெல்க் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு கீழே நகரத்தில் ஒரு கடைக்குப் போனான். கடைக்காரர் அவளுடைய தோளுக்கு மேலாக மெல்க்கைப் பார்த்தே பேசினார். அம்மாவுக்குக் கை சின்னது, ஆகவே சின்ன துப்பாக்கி என்று உள்ளங்கையளவு ஒன்றை எடுத்து வைத்தார். கைப்பையில் அடங்கும், பிடியில் முத்துச் சிப்பி வேலைப்பாடு. "என்னை யாரும் வழிமறிக்கப் போறதில்லைங்க. எனக்குக் குறி அட்டையில ஓட்டை போடணும், அவ்வளவுதான்" என்றாள் ரெகுலா. கடைக்காரர் மெல்க்கிடம், "நல்லா தமாஷாப் பேசறாங்களே" என்றார். ஒரு மாதம் வைத்துச் சுட்டுப் பார்க்கட்டும் என்று மெல்க்கின் பேரில் எழுதிக் கொடுத்தும் அனுப்பினார். எடையே இல்லாத அந்தப் பொருள் கையில் தவளைபோலத் துள்ளியது. அதன் தோட்டாக்கள் ஏழாவது மீட்டரில் நின்றன. பிறகு, பார்வை மங்கியவர்களுக்கென்று சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடி பூட்டிய ஒன்றைச் செயலாளர் கொண்டுவந்தார். ரெகுலாவின் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. அந்தத் தோட்டாக்கள் ஒன்பதாவது மீட்டரில் நின்றன. ஆகஸ்டுக்குள் அறுபத்திரண்டு சேர்ந்துவிட்டன. போலீஸ்காரர் வந்து அளந்து எழுதிக்கொண்டு போனார். பாதிரியார் வந்து பார்த்துவிட்டு வானிலையைப் பற்றிப் பேசினார். மெல்க் ஒரு தோட்டாவில் சங்கிலி மாட்டி டிராக்டரால் இழுத்தான். சங்கிலிதான் அறுந்தது. குருவிகள் அவற்றில் உட்காரப் பழகிக்கொண்டன.

செப்டம்பர் முதல் வாரம் சங்கத்திலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. இலையுதிர்காலப் போட்டிக்கு விருந்தினர்கள் வருவதால் நான்காம் தடத்தைத் திருமதி இன்ஃபாங்கர் சுத்தம் செய்து தர வேண்டும், அன்றைய சமையலையும் வழக்கம்போல் அவரே கவனித்துக்கொள்ள வேண்டும். அவள் அதை நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தாள். பிறகு ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் சங்கத்துக்கு நடந்தாள். குழு கூடியிருந்தது. சமையலறைச் சாவியை மேசைமேல் அடித்து வைத்தாள்.

"கூட்டிப் பெருக்கணுமா? என் தோட்டாவையா?"

"அண்ணி, உக்காந்து பேசலாமே."

"உக்காரறதா? முப்பத்தொரு வருஷமா இந்தக் கட்டடத்துல என்னைக்காவது என்னை உக்காரச் சொல்லியிருக்கியாடா மெல்க்? இன்னிக்குத்தான் நாற்காலி கண்ணுக்குத் தெரியுதோ? செத்தவரோட கையை எடுத்து எனக்கு மாட்டப் பாத்தீங்க. அப்பறம் பொம்மை குடுத்தீங்க. அப்பறம் குருடியாக்கினீங்க. என் கை எவ்வளவு நீளம்னு ஒருத்தனாவது பாத்தானா?"

அவள் குரலில் ஜன்னல் கண்ணாடிகள் மூன்று விரிசல் விட்டன. அதுவும் குறிப்பேட்டில் இருக்கிறது. "அண்ணன் இருந்திருந்தா..." என்று செயலாளர் ஆரம்பித்தார். "அவர் இருந்திருந்தா இதை அவருக்கும்தான் சொல்லியிருப்பேன். சொல்லாமப் போக விட்டுட்டேனே, அந்த வயித்தெரிச்சல்தான் இது" என்றாள் ரெகுலா. சாவியை மேசைமேலேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

அடுத்த புதன்கிழமை தனியாக ரயிலேறி லூசெர்ன் நகரத்துக்குப் போனாள். அங்கே வாடகைக்குத் துப்பாக்கி எடுத்துச் சுடும் கூடம் ஒன்று உண்டு. அதை நடத்திய உர்சினா என்பவளுக்கு நாற்பது வயதிருக்கும், சூயிங்கம் மென்றுகொண்டே பேசுவாள். அவள் ரெகுலாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அளவெடுக்கிற தையல்காரிபோலக் கையை மட்டும் பிடித்துப் பார்த்தாள். "கண்ணை மூடுங்க. கையை நீட்டுங்க. இப்பத் திறங்க. குழல் நுனியில இருக்கற குறிமுள்ளு தானா நேரா நிக்குதா, இல்லை மணிக்கட்டை வளைச்சுத் தேடறீங்களா? தேடினா அது உங்களுது இல்ல, கீழ வெச்சிடுங்க." அங்கே சுட்ட தோட்டாக்களெல்லாம் நேராக அட்டைக்குப் போயின. உர்சினாவுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ரெகுலாவுக்குத் திரும்பும் ரயிலில் ஏரி முடியும்வரை கோபத்தில் கண்ணீர் நிற்கவில்லை. இவ்வளவு சுலபமா இது, இதையா இத்தனை வருடம் பூட்டி வைத்தார்கள் என்று எதிர் சீட்டுக்காரரிடம் கேட்டாள். அவர் பேப்பரை மடித்துவிட்டு, "அப்படித்தாங்க பூட்டி வெப்பாங்க" என்றார்.

மூன்று புதன்கிழமைகளில் பதினான்கு துப்பாக்கிகளை எடுத்துப் பார்த்தாள். அழகானவற்றைக் கீழே வைத்தாள், புதியவற்றையும் கீழே வைத்தாள். பதினோராவதாக வந்தது யாரோ விற்றுவிட்டுப் போன பழைய இருபத்திரண்டு காலிபர் கைத்துப்பாக்கி. முழுக்க இரும்பு, முன்பக்கம் கனம், நீளக் குழல், பார்க்கச் சாம்பல் நிறக் குழாய் ரிப்பேர்க் கருவி மாதிரி. உதறவே இல்லை. கண்ணைத் திறந்தபோது குறிமுள் நேராக நின்றது. விசை அவள் முடிவெடுத்த அந்த நொடியில் விழுந்தது, முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை. மிச்சம் மூன்றையும் பார்த்துவிட்டு அதற்கே திரும்பி வந்தாள். மரப்பிடியை அவள் உள்ளங்கைக்கு ஏற்ப உர்சினா அரம் வைத்துத் தேய்த்துக் கொடுத்தாள். போலீஸ் அனுமதிச் சீட்டு வரப் பதினெட்டு நாள் ஆனது. அந்தப் பதினெட்டு நாளும் அவள் தண்ணீர் நிரப்பிய கெட்டிலைக் கை நீட்டிப் பிடித்து நின்று பழகினாள்.

போட்டியன்று அவளுக்கு நான்காம் தடத்தையே ஒதுக்கியிருந்தார்கள். "அண்ணி, வேற தடம் மாத்தித் தரேன், அங்க குறியே தெரியாது" என்றான் மெல்க். வேண்டாம் என்றாள். தொங்கும் அறுபத்திரண்டு தோட்டாக்களுக்கு நடுவே கறுப்பு வட்டம் எலுமிச்சம்பழ அளவுக்குத் தெரிந்தது. அவள் சுட்டாள். தோட்டா, சந்தைக் கூட்டத்தில் தெரிந்தவர்களை இடிக்காமல் விலகிப் போவதுபோல எதிலும் உரசாமல் போய் அட்டையைத் துளைத்தது. ஏழு. அடுத்தது எட்டு. பிறகு ஆறு, ஒன்பது, எட்டு. இருபத்து மூன்று பேரில் பத்தொன்பதாவது இடம். யாரும் கை தட்டவில்லை, அவள் எதிர்பார்க்கவுமில்லை. சமையலறையில் மெல்க் அவித்த தொத்திறைச்சிகள் அத்தனையும் வெடித்துப் போயிருந்தன. விருந்தினர்கள் ரொட்டியைக் கடுகு தொட்டுத் தின்றார்கள். ரெகுலா நாற்காலியில் உட்கார்ந்து தன் கிளாஸில் பீர் குடித்தாள், கழுவாமல் அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

கோபம் அதற்குப் பிறகும் தீரவில்லை. தீரும் என்று அவளும் நினைக்கவில்லை. சனிக்கிழமைகளில் அதையும் கூட்டிக்கொண்டே வந்தாள். சங்கம் அடுத்த வருடம் கூரையைப் பிரித்துப் புதிதாகப் போட்டபோது தச்சர்கள் தோட்டாக்களைச் சுற்றிச் சாரம் கட்டினார்கள், அதற்குத் தனியாகக் கூலி கேட்கவில்லை. அந்த வசந்தத்தில் மெல்க்குக்கு மணிக்கட்டில் அறுவை நடந்தது. பழைய துப்பாக்கியைத் தூக்க முடியாமல் போயிற்று. ஒரு மத்தியானம் அவன் தொப்பியைக் கையில் சுருட்டியபடி அட்டைப் பக்கமிருந்து, வழியில் நின்ற ஒரு தோட்டாவுக்குப் பழக்கத்தில் தலை குனிந்து நிமிர்ந்து, அவளருகே வந்து, "அண்ணி, எனக்கு எந்தத் துப்பாக்கி சரியா வரும்? நீங்களே பாத்து ஒண்ணு சொல்லிடுங்களேன்" என்றான்.

ரெகுலா அவன் மணிக்கட்டுத் தழும்பைப் பார்த்தாள். பிறகு தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் துப்பாக்கியில் நிரப்பிக்கொண்டே சொன்னாள்.

"எனக்கெப்படிடா தெரியும்? கை உன்னுது."