கூப்பிய கையும் கீழ்த் தாழ்ப்பாளும்

பெயிண்ட் கடைக்காரருக்குக் கூப்பிய கைகள் பிரியாமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். பிரார்த்தனை மண்டபத்தில் ஊருக்கே கேட்கிற மாதிரி உருகி வேண்டிவிட்டுக் கையை எடுக்கப் பார்த்தார், பிரியவில்லை. சோப்பு நுரை போட்டார்கள், எண்ணெய் விட்டார்கள். டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பெல்லாம் தனித்தனியாகத்தான் இருக்கிறது என்று தன் கையை விரித்துவிட்டார். மண்டபத்துச் செயலாளர் மட்டும் கொஞ்சமும் அசரவில்லை. "பக்தி முத்திப்போச்சு, அவ்வளவுதான்" என்றார். அதற்குப் பிறகு வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் பார்க்க வந்தார்கள். கடைக்காரரும் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, ஆதரவில்லாமல் கதவைத் தட்டுகிறவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள் என்று குரல் தழுதழுக்கப் பேசினார்.

அந்தப் பக்தியின் எடுபிடி வேலையெல்லாம் மனைவி தலையில் விழுந்தது. சட்டைப் பொத்தான் போடுவது, பல் துலக்கிவிடுவது, ஊட்டுவது, முதுகு சொறிவது. மூக்கு அரித்தால்கூட "இந்தாம்மா" என்று குரல் வரும். அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவாள். வருஷங்கள் இப்படியே ஓடின. பாவம் மனுஷன், ஆண்டவன் பிடித்து வைத்த கை, அவர் என்ன செய்வார் என்று அவளும் மனதார நம்பினாள்.

ஒரு மழை மதியம் அவருடைய தங்கை வந்தாள். மண்டபத்துக்கு வராத ஒருவனைக் கட்டிக்கொண்டாள் என்று அவர் தலைமுழுகிவிட்ட தங்கை. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், வாடகை வீட்டைக் காலிசெய்யச் சொல்லிவிட்டார்கள்; ஒரு கையில் பெட்டி, தோளில் காய்ச்சலில் துவண்ட மகள். முன்னறை நிறையப் பக்தர்கள். "அண்ணே, பின்னாடி அறை சும்மாதானே கிடக்கு. புள்ளைக்கு உடம்பு தேறட்டும், போயிடறேன்" என்றாள். சமையலறை வாசலில் நின்ற மனைவி, உள்ளே கூப்பிட்டுவிட வேண்டுமே என்று அவர் முகத்தையே பார்த்தாள். அவர் எழுந்தார். "உனக்காக தினமும் வேண்டிக்கிறேன்மா" என்றார். கைகள் பிரிந்தன. ஈரத்தில் உப்பியிருந்த கதவை இரண்டு கையாலும் இழுத்துச் சாத்தி, மேல் தாழ்ப்பாளைப் போட்டு, குனிந்து கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டார். கைகள் மறுபடி ஒட்டிக்கொண்டன. அத்தனை பேரும் பார்த்தார்கள். பிறகு செயலாளர், "கதவைச் சாத்த ஆண்டவனே கையை விட்டுக்குடுத்தான், பாத்தீங்களா" என்றார். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொல்லைக் கதவு வழியாக நாத்தனாரையும் பிள்ளையையும் அழைத்துவந்து பின்னறையில் படுக்கவைத்தாள். பிறகு அவர் முன்னால் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு நகர்ந்தாள்.

"ஊட்டலையா?"

"இதையும் கதவுன்னு நெனச்சுக்குங்க."

நினைத்துத்தான் பார்த்தார். தட்டுக்கு முன்னால் கை அசையவேயில்லை. அவளும் அசையவில்லை. "அவ இங்கதான் இருப்பான்னு உங்க வாயால சொல்லுங்க, ஊட்டறேன்" என்றாள். மறுநாள் சாயங்காலம் சொன்னார். அடுத்த கூட்டத்திலேயே, நாதியற்று வந்த தங்கைக்கு அடைக்கலம் தந்த கதையை உருக்கமாக எடுத்துவிட்டார், கேட்டவர்கள் அழுதார்கள். தங்கை பின்னறையில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

கை இன்றைக்கும் கூப்பியபடிதான் இருக்கிறது. தெருமுனையில் யாராவது பெட்டியும் பிள்ளையுமாகத் திரும்பினால் மட்டும் விரல்கள் மெல்ல விலக ஆரம்பிக்கும். அதைப் பார்த்ததும் மனைவி செய்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்து, வாசற்கதவை அகலத் திறந்து, அதில் முதுகைச் சாய்த்து நின்றுகொள்கிறாள்.