மோட்டார் நின்ற சனி, ஞாயிறு

என் அண்ணன் செல்லதுரைக்குக் கோபம் மூக்கு நுனியில். எங்கள் கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம்தான் அவனுடைய வயலும் மோட்டார் கொட்டகையும். கூப்பிட்டால் கேட்கும் தூரம். ஆனாலும் எங்கள் வீட்டில் பச்சைத்தண்ணிகூடக் குடிக்க மாட்டேன் என்று மாரியம்மன் கோயில் வாசலில் சபதம் போட்டவன், அதற்கப்புறம் வேலியைத் தாண்டவே இல்லை.

காரணம் அறுப்புக் கூலி. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அந்தச் சண்டை மட்டும் எங்கள் ஊருக்குத் தவறாமல் வந்துவிடும். எங்கள் அப்பா பண்ணையாள். அண்ணன் பாடுபட்டுக் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தான். என் வீட்டுக்காரர் ரெத்தினம் கூலியாட்கள் சங்கத்தில் இருந்தார். சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்த வருஷம், அண்ணன் வெளியூர் ஆட்களை இறக்கினான். இவர் அவன் வரப்பிலேயே கொடியை நட்டு மறித்துவிட்டார். நடுவில் மழை பிடித்துக்கொள்ள, நெல் கதிரிலேயே முளைத்துப் போயிற்று. “இருபது வேலி நிலம் வச்சிருக்குற பண்ணைக்காரன்கிட்ட காட்ட வேண்டிய வீரத்தை மச்சான்கிட்டயா காட்டுனீங்க?” என்று இவரைத் திட்டினேன். “நேத்துவரைக்கும் கூலிக்கு நின்னவன் இன்னைக்கு அடுத்தவன் கூலியில கை வைக்கிறியே” என்று அவனையும் திட்டினேன். இரண்டு பேருமே கேட்கவில்லை.

அதெல்லாம்கூடப் போகட்டும். ஆவணியில் என் மகள் வேம்புவுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். எங்களில் மாமன் எடுத்துக் கொடுக்கும் புடவையைக் கட்டிக்கொண்டுதான் பெண் மணவறைக்கு வர வேண்டும். தோளில் தூக்கி வளர்த்த மாமன் பக்கத்து வயலில் மண்வெட்டியோடு நிற்கும்போது, வேறு யார் எடுத்துக் கொடுத்த புடவையை அவள் கட்டுவாள்? “மாமா வராட்டி எனக்குக் கல்யாணமே வேணாம்” என்று அவள் வேறு கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

இதெல்லாம் ரசியா பேகத்துக்குத் தெரியும். கூத்தாநல்லூர் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். அவள் வீட்டுக்காரர் நெய்னா முகம்மது துபாயிலிருந்து லீவில் வந்தபோது கலர் டிவியும், கேசட் போட்டுப் படம் பார்க்கும் டெக்கும் கொண்டுவந்திருந்தார். அவர்கள் வீட்டில் மாடி கட்டும் வேலை நடந்ததால் ஒரே சிமெண்ட் தூசி.

“சனி, ஞாயிறு ரெண்டு நாளும் உங்க வீட்டுலயே படம் போட்டுருவோம். ஒரு வேளை நீ ஆக்கு, ஒரு வேளை நான் ஆக்குறேன். கல்யாணக் கவலையை ரெண்டு நாளைக்கு மூட்டை கட்டி வை” என்றாள்.

சனிக்கிழமை காலையிலேயே இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். நான் விரால் மீன் குழம்பு வைத்திருந்தேன். சாப்பிட்டுவிட்டு, பாயை விரித்து, ஒரு கொலைப் படத்தைப் போட்டோம். கதாநாயகியின் தோழி மாடிப்படியில் இறங்கி வருகிறாள், கதவுக்குப் பின்னால் எவனோ நிற்கிறான். சரியாக அந்த நேரத்தில் படம் நாலு பக்கமும் சுருங்கி, நடுவில் தபால் கார்டு அளவுக்கு வந்து நின்றது. கொல்லைப் பக்கம் அண்ணனுடைய மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. அது ஓடினால் எங்கள் வீட்டுக்கு வோல்டேஜ் இறங்கிவிடும்.

“வேணும்னேதான் போடுறான்” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார் ரெத்தினம்.

“உட்காருங்க. நீங்க ஒரு தடவை அவன் வரப்புக்குப் போனதே போதும்” என்று சொல்லிவிட்டு நான் போனேன்.

நானும் அண்ணனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. எதிரில் எது இருக்கிறதோ அதனிடம் சொல்வோம், மற்றவர் காதில் விழும். அன்றைக்கு வேலியோரம் என் ஆடு கட்டியிருந்தது.

“ஏ ஆடே, வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்க, ஒரு படம் நிம்மதியாப் பார்க்க முடியலையே” என்றேன்.

அண்ணன் மண்வெட்டியைப் பார்த்தான். “மேட்டூர்ல இன்னும் தண்ணி தொறக்கல. வாய்க்கால்ல கிடக்குறது வயலுக்கு ஏறாது. மோட்டாருக்குப் பகல்ல மட்டும்தான் கரண்ட்டு, அதை விட்டா கிடையாது. குறுவை நாத்தங்கால் காஞ்சா டிவிப்பொட்டியா சோறு போடும்?”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. வீட்டைப் பார்க்கத் திரும்பினேன்.

“மண்வெட்டி, அந்த மாடிப்படியில இறங்குன பொண்ணை யாரு கொன்னான்னு தெரிஞ்சுதா?” என்றது முதுகுக்குப் பின்னால் குரல்.

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். இத்தனை நேரமும் கொட்டகை நிழலில் உட்கார்ந்து, படியில் இறங்கும் செருப்புச் சத்தம், கதவு கிரீச்சிடுவது வரைக்கும் கேட்டிருக்கிறான்! “ஆடே, எங்களுக்கே தெரியல. அதுக்குள்ளதான் படம் சுருங்கிப்போச்சே” என்றேன்.

நான் வீட்டுக்குள் நுழைவதற்குள் மோட்டார் நின்றது. படம் விரிந்தது. கொலைகாரன் குடும்ப வக்கீல்தான் என்று தெரிந்தபோது, வேம்பு கொல்லைப் பக்கம் திரும்பி, “ஐயோ, வக்கீலா!” என்று தேவைக்கு மேல் சத்தமாகக் கத்தினாள். என் பெண்ணாயிற்றே.

அதற்கப்புறம் மோட்டார் வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரசியா நெய்ச்சோறும் தால்ச்சாவும் கறியும் ஆக்கிக் கொண்டுவந்தாள். ஒரு சிரிப்புப் படம், ஒரு சாமி படம் என்று பொழுது ஓடியது. சிரிப்புப் படத்தில் நாங்கள் சிரித்து முடித்த பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் தனியாக ஒரு சிரிப்பு கேட்கும். ரெத்தினம் ஒவ்வொரு தடவையும் காதைத் தீட்டிக்கொண்டு, கேட்காதவர்போல் டிவியையே பார்ப்பார்.

சாயங்காலம் கை கழுவக் கொல்லைக்குப் போனவர் வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நாத்தங்காலைப் பாரு” என்றார்.

பார்த்தேன். ஓரமெல்லாம் வெடிப்பு விட்டு, நாற்று நுனி பழுத்திருந்தது. எங்கள் படம் சுருங்கக் கூடாது என்று இரண்டு நாள் பகல் கரண்ட்டையும் விட்டுக்கொடுத்திருக்கிறான் பாவி. அண்ணன் வரப்பில் குந்தி, காய்ந்த மண்ணை விரலால் நோண்டிக்கொண்டிருந்தான்.

ரெத்தினம் விறுவிறுவென்று திரும்பி நடந்தார். எங்கள் மாட்டுக் கொட்டகைப் பரணில் கிடந்த இறைகூடையை இறக்கினார். பள்ளத்துத் தண்ணீரை மேட்டுக்கு இறைக்கும் கூடை அது. இரண்டு பக்கமும் கயிறு உண்டு, இரண்டு ஆள் எதிரும் புதிருமாக நின்று வீச வேண்டும். ஓர் ஆளால் ஒன்றும் ஆகாது. அதைத் தூக்கிக்கொண்டு வேலியைத் தாண்டி, வாய்க்கால் கரையில் ஒரு பக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறு பக்கக் கயிறு தரையில் கிடந்தது.

நான் போய் எடுத்திருப்பேன். ரசியா என் கையைப் பிடித்து இழுத்தாள். “நீ சும்மா இருடி” என்றாள்.

அண்ணன் கயிற்றைப் பார்த்தான், நாற்றைப் பார்த்தான். எழுந்து வந்து கயிற்றை எடுத்தான். முதல் இரண்டு வீச்சு கோணிப்போய், தண்ணீர் பாதியும் வாய்க்காலிலேயே கொட்டியது. எதிராளியைப் பார்க்காமல் இறைகூடை வீச முடியாது. வேறு வழியில்லாமல் இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் கூடை சீராக ஏறி இறங்கியது.

நாற்றங்கால் நனைந்து முடிக்கும்போது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு ரெத்தினம்தான் முதலில் பேசினார். ஆட்டிடம் இல்லை, மண்வெட்டியிடம் இல்லை.

“மச்சான், அன்னைக்குக் கொடியை உங்க வரப்புல நட்டிருக்கக் கூடாது.”

அண்ணன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். “நானும் அந்த ஆளுங்களை இறக்கியிருக்கக் கூடாது” என்றான்.

நான் செம்பில் தண்ணீர் எடுத்துப் போனேன். அவன் என் முகத்தைப் பார்த்தபடியே வாங்கி, செம்பைக் கீழே வைக்காமல் குடித்து முடித்தான்.

“செவ்வந்தி, நெய்ச்சோறு வாசனை ரெண்டு மணியிலேருந்து உசுரை வாங்குது. மிச்சம் இருக்கா?” என்றான். என் பெயரை அவன் வாயால் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! சத்தமாக அழுதேன். ரசியாவும் கூடச் சேர்ந்துகொண்டாள்.

அவன் சாப்பிட்டு எழுந்ததும் வேம்பு பக்கத்தில் போய் ஒட்டி நின்றாள்.

“என்ன கலர்ல புடவை வேணும், சொல்லு” என்றான் அண்ணன்.

“அந்தக் கொலைப் படத்துல மாடிப்படியில இறங்கி வந்தாளே, அவ கட்டியிருந்த கலர் மாமா.”

“அடியே, செத்துப்போனவ புடவையா? வாயைக் கழுவுடி!” என்று நான் கத்தினேன்.

“அவ கிடக்கா. நீ சொல்லு கண்ணு, அது என்ன கலரு? நான் எங்க பார்த்தேன், காதால கேட்டதோட சரி” என்றான் அண்ணன்.

நெய்னா முகம்மது கொலைப் படத்து கேசட்டைத் தேடி எடுத்து, முதலிலிருந்து சுற்றி ஓடவிட்டார். பாயில் ரெத்தினம் நகர்ந்து இடம் விட, அண்ணன் உட்கார்ந்தான். கொலைகாரன் யாரென்று அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தும், மாடிப்படி வரும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.