வாசலில் நின்ற மெட்டு

போனில் காத்திருப்பவர்களுக்கு மெட்டுப் போடுவதுதான் சின்னவளின் பிழைப்பு. போன மாதம் ஊர் ஊராகப் போன் லைன் அமைத்துத் தரும் ஒரு கம்பெனியின் மேனேஜர் வந்து தலையைச் சொறிந்தார். "மெட்டு முடிஞ்ச மாதிரி கேட்டா ஜனங்க போனை வச்சிடறாங்க மேடம். முடியாமலே போற மாதிரி ஒண்ணு போடுங்க."

அது அவளுக்குக் கைவந்த கலை. எங்கே சுற்றினாலும் கடைசியில் தன் வீடான ஆதார ஸ்வரக்கூட்டில் வந்து உட்கார்ந்தால்தான் மெட்டு அடங்கும், கேட்பவருக்கும் மூச்சு வரும். அதற்கு முந்தைய ஸ்வரக்கூட்டு ஒலித்தாலே காது முந்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும். அவள் அதுவரை அழைத்து வந்து, வாசலில் நிறுத்தி, மறுபடி முதல் வரிக்கே திருப்பி விட்டாள்.

"என்னடி இது, தும்மல் வர்ற மாதிரி வந்து வராமலே போகுது," என்று அக்கா மூக்கைத் தேய்த்துக்கொண்டாள். சின்னவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

இன்று வேறோர் ஊரில் அக்காவுக்கு வயிற்றில் ஆபரேஷன். மதியமே முடிந்திருக்க வேண்டும். அத்தானின் போன் அணைந்து கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் சார்ஜரை வீட்டில் வைத்துவிட்டுப் போகிற பிரகஸ்பதி அவர். வேறு வழியில்லாமல் ஆஸ்பத்திரிக்கே போன் போட்டாள்.

"லைன்லயே இருங்க," என்றது ஒரு குரல். பிறகு அவளுடைய மெட்டு.

முதல் சுற்றில் சிரிப்பு வந்தது. அடுத்த சுற்றில் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. அந்த முந்தைய ஸ்வரக்கூட்டு வரும்போதெல்லாம் இதோ எடுத்துவிட்டார்கள் என்று நெஞ்சு எழும்பும்; மெட்டு ஆரம்பத்துக்கே ஓடிவிடும். அடுப்பில் பாலை வைத்தாள், அணைத்தாள், மறுபடி பற்றவைத்தாள். போனை வைத்துவிடலாம் என்றால் கை வரவில்லை. வைக்க முடியாதபடி செய்து கொடுத்ததே அவள்தானே. அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது, அதைச் சொல்லத்தான் ஆள் தேடுகிறார்கள் என்று தோன்றியது. படுபாவி, எத்தனை பேரை இப்படி நிற்க வைத்தாயோ என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மெட்டு பாதியில் அறுந்தது.

"கண்ணு முழிச்சிட்டாங்க, நல்லா இருக்காங்க," என்றார் நர்ஸ். "காதுல வைக்கிறேன். ரெண்டு வார்த்தைதான்."

"தும்மல் வந்துச்சாடி?" அக்காவின் குரல் காற்றாகத்தான் வந்தது. "ஆபரேஷனுக்கு நாள் கேட்டுப் போன் பண்ணப்பவே எனக்கும் அதான் போட்டாங்க. ரொம்பப் பயந்துட்டேன். உங்கிட்ட சொல்ல மனசு வரல."

சின்னவள் மெட்டுப் போடும் மேஜைக்கு ஓடினாள். போனைக் கீபோர்டு அருகே வைத்து, அந்த முந்தைய ஸ்வரக்கூட்டை அழுத்தினாள். பிறகு ஆதார ஸ்வரக்கூட்டை. ஒலி அடங்கும்வரை விரலை எடுக்கவில்லை.

"ம்," என்றாள் அக்கா. "அதை லைன்ல காத்திருக்கிறவங்களுக்கும் குடுத்துடு."