வெள்ளி பட்ட இடம்

குழந்தையின் துணியை அவிழ்த்த மகேஸ்வரிக்கு உயிரே போய்விட்டது. தொப்புளைச் சுற்றித் தோல் கரியாகக் கறுத்திருந்தது. தொப்புளில் வளர்ந்திருந்த சிறு சதையில் நேற்றுதான் கிளினிக் நர்ஸ் ரோசலின் ஒரு குச்சியால் மருந்து வைத்திருந்தாள்.

சதை அழுகிவிட்டது என்று நினைத்தாள். மாமியார் கொள்ளேகாலிலிருந்து கொண்டுவந்து கட்டிய வெள்ளி அரைஞாண் உரசியதுதான் காரணம் என்றும் முடிவு செய்தாள். அதைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, மாமியார் காதுபடத் திட்டிவிட்டு, மைசூரின் காலை நெரிசலில் ஆட்டோ பிடித்தாள்.

“ஏனாய்த்து, என்னாச்சு?” என்று கன்னடமும் தமிழுமாகக் கேட்டபடி ரோசலின் குழந்தையை வாங்கினாள். மெல்ல அழுத்திப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள். வீக்கமில்லை, சீழில்லை. குழந்தை சிணுங்கவில்லை; மகேஸ்வரிதான் அழுதுகொண்டிருந்தாள்.

“ஒண்ணும் ஆகலம்மா. மருந்து பக்கத்துத் தோல்லயும் பட்டிருக்கு. வெளிச்சம் பட்டா கறுத்துரும். இதப் பாருங்க.”

அவள் விரல் நுனியிலும் அதே கறுப்பு.

“நேத்து மருந்து வைக்கறப்ப கையுறை கிழிஞ்சிருச்சு. நான் அழுதனா?”

“கழுவுனா போயிருமுங்களா சிஸ்டர்?”

“போகாது. தோல் உரியறப்ப தானா போயிரும்.”

“அப்படி என்ன மருந்துங்க அது?”

“வெள்ளிலேர்ந்து செய்யறது. சில்வர் நைட்ரேட்.”

மகேஸ்வரி வாயில் கை வைத்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

“எங்க அத்தைய வாய்க்கு வந்தபடி பேசிட்டனே!”

கண் துடைக்காமலே சிரித்தாள்.

“கட்டலாமுங்களா?”

“கட்டுங்க. தொப்புளுக்குக் கீழே, கொஞ்சம் தளர்த்தி.”

தளர்த்தியே கட்டினாள்.