ராய்ஸ் ஹால்டர்மனிடம் யாரும் பேசாத ஆட்டம்

பதினாறு ஆண்டுகளாகப் பேஸ்பால் பந்து எறிந்தே பிழைத்துவந்த ராய்ஸ் ஹால்டர்மன் அவர்களைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்டால், அவர் எறியும் பந்துகளைப் பிடிக்கும் கேட்சர் நெஸ்டர் சற்று யோசித்துவிட்டு, "சட்டைய ஒழுங்கா மடிச்சு வைப்பாரு" என்பான். அதற்குமேல் அவனுக்கு எதுவும் தோன்றியதில்லை.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் ராய்ஸ் பெரிய லீகில் ஒரு கோடைகாலம் ஆடியிருந்தார். அப்போது அச்சான தம் படம் போட்ட அட்டைகளை இன்னமும் பையில் வைத்திருந்தார். உணவு விடுதியில் முட்டை கொண்டுவரும் பெண்களுக்கு, அவர்கள் கேளாமலேயே, கையொப்பமிட்டுக் கொடுப்பார். சென்ற வாரம் ஒருத்தி அந்த அட்டையின் பின்புறத்தில் அடுத்த மேசைக்காரர் கேட்ட உணவைக் குறித்துக்கொண்டு போனாள். ராய்ஸ் அதைக் கவனிக்கவில்லை. தம்மைத் தவிர வேறெதையும் கவனிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

இப்போது முப்பத்தெட்டு வயதில், இல்லினாய்ஸின் சோளக்காடுகளுக்கு நடுவே ஒரு சிற்றூர் அணியில் இருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், மேல்நிலை அணி ஒன்றிலிருந்து ஆள் தேர்வு செய்பவர் வந்து முன்வரிசையில் அமர்ந்திருந்தார். மறுநாள் ஆட்டத்தில் பந்து எறிய அவர்களுக்கு அவசரமாக ஒரு பிட்சர் தேவைப்பட்டார்.

"ஒம்பது இன்னிங்ஸ்ல அஞ்சு போட்டா போதும்" என்று கோச் பர்ட் காலையிலேயே ராய்ஸிடம் சொல்லியிருந்தார். "கை புதுசா இருந்தா நாளைக்கே பிளேன். அதுக்கு மேல போட்டீங்கன்னா அந்தாளுக்கு நீங்க வேண்டாம்."

இனி இப்படியொரு வாய்ப்பு ராய்ஸைத் தேடி வராது என்பது ராய்ஸைத் தவிர அனைவருக்கும் தெரிந்திருந்தது.

இரண்டாவது இன்னிங்ஸில் ஒரு பந்து தரையோடு சீறிப் போயிற்று. அணியின் இளம் தடுப்பாளன் எல்லிஸ் பாய்ந்து விழுந்தும் அது கையுறையின் நுனியில் பட்டு நழுவியது. அது எல்லிஸ் பிடித்திருக்க வேண்டிய பந்து என்று ஆட்டப் பலகையில் 'பிழை' விளக்கு எரிந்தது. ராய்ஸ் இரு கைகளையும் விரித்து, இப்படிப்பட்டவர்களோடு தம்மை ஆட வைத்ததற்காக வானத்திடம் நியாயம் கேட்பவர்போல் நின்றார். பெஞ்சுக்குத் திரும்பியதும் உரக்கச் சொன்னார்:

"உங்கப்பா அம்மா மினசோட்டாவுலேர்ந்து வந்திருக்காங்களாமேடா. அவங்க கையில ஒரு கையுறையக் குடுத்து நிக்க வை. உன்னவிட நல்லாப் பிடிப்பாங்க."

எல்லிஸின் பெற்றோர் பெஞ்சுக்கு நேர்மேலேதான் உட்கார்ந்திருந்தனர். தகப்பனார் சோளப்பொரிப் பொட்டலத்தை மெல்லக் கீழே வைத்தார். எல்லிஸ் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் யாருமே ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொருவராக எழுந்து பெஞ்சின் மறுகோடிக்குப் போய்விட்டனர்.

ராய்ஸ் வியர்த்த சட்டையை மாற்ற உள்ளே சென்றிருந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு வந்தது. ஆட்டப் பதிவாளர் அம்மையார் தம் முடிவை மாற்றிக்கொண்டார்: எல்லிஸ் செய்தது பிழையன்று, அது எதிரணியின் ஹிட், அதாவது ராய்ஸின் கணக்கில் ஏறும் நல்ல அடி. பலகையிலும் மாற்றிவிட்டார்கள். மைதானம் முழுவதும் கேட்டது. ராய்ஸுக்கு மட்டும் கேட்கவில்லை.

பிழைகள் எத்தனை நேர்ந்தாலும், ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஒரு பிட்சர் ஆட்டத்தைக் கொண்டுபோகும்போது, யாரும் அவரோடு பேசமாட்டார்கள், அருகில் உட்காரமாட்டார்கள், அதைப் பற்றி மூச்சுவிடமாட்டார்கள். சொன்னால் கெட்டுவிடும் என்பது இந்த ஆட்டக்காரர்களின் உறுதியான நம்பிக்கை. பிட்சரும் எதையும் கேட்கக் கூடாது. பலகையை ஏறிட்டும் பார்க்கக் கூடாது.

ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்ததும் கோச் வந்தார். "போதும், ராய்ஸ். கைக்கு ஐஸ் வைங்க."

ராய்ஸ் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "இன்னைக்கா? இன்னைக்குப் போயி என்னை உக்காரச் சொல்றீங்களா?"

கோச் நெஸ்டர் பக்கம் திரும்பினார். "கெழவனுக்கு என்னடா ஆச்சு?"

"எப்பவும் போலத்தான், கோச்."

"போட்டுத் தொலையட்டும். மத்த பசங்க கையாவது மிச்சம்."

ஏழாவது இன்னிங்ஸில், முன்வரிசைக்காரர் நோட்டை மூடிவிட்டு, வேலியோரம் நின்ற இடக்கைப் பிட்சரிடம் பேசப் போனார். நெஸ்டர் அதைக் கண்டான். சாலையில் நிற்கும் நாயையும் லாரி வருவதற்குமுன் விரட்டிவிடுவது மனித இயல்பல்லவா? அவன் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, ராய்ஸ் நின்று எறியும் மண்மேட்டுக்கு நடந்தான்.

"ராய்ஸ், அந்தாளு நோட்ட மூடிட்டு..."

ராய்ஸ் கையுறையால் அவன் வாயைப் பொத்தினார். "பேசாத. என்ன நடக்குதுன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதினாறு வருஷமா எனக்கு இது வந்ததில்ல. பெஞ்சுல பாத்தியா, ஒருத்தனும் பக்கத்துல வரலையே. இன்னைக்குத்தாண்டா இவனுங்க எனக்கு மரியாத குடுக்கறானுங்க. வாயத் தொறந்து கெடுத்துடாத."

நெஸ்டருக்கு அப்போதுதான் விளங்கியது. 'அது ஹிட்டாயிடுச்சு' என்று சொன்னால் முடிந்தது. அவன் எல்லிஸைப் பார்த்தான். எல்லிஸ் தலை நிமிராமல், பந்து நழுவிய இடத்து மண்ணைக் காலால் சமன் செய்துகொண்டிருந்தான்.

"சரி" என்றான் நெஸ்டர். "நான் ஒண்ணும் சொல்லல." முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பினான்.

அதற்குப் பிறகும் ராய்ஸ் நன்றாகவே எறிந்தார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மொத்தம் நூற்று இருபத்தாறு பந்துகள். கடைசிப் பந்து உயரே எழும்பி எல்லிஸின் கையுறையில் இறங்கியது. ராய்ஸ் மண்டியிட்டு, கண்களை மூடி, கைகளை அகல விரித்தார். வலக்கை பாதிதான் விரிந்தது.

யாரும் ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. ஆட்டக்காரர்கள் வழக்கம்போல் வரிசையாகக் கைகுலுக்கிக்கொண்டு போனார்கள். எல்லிஸ் பந்தை நெஸ்டரிடம் போட்டுவிட்டு, பெற்றோரிடம் நடந்தான்.

ராய்ஸ் கண் திறந்தார். "என்னடா, எழவு வீடு மாதிரி போறீங்க?"

நெஸ்டர் பந்தை அவர் இடக்கையில் வைத்தான். "நல்லாப் போட்டீங்க. மூணுக்குப் பூஜ்யம். ஒரே ஒரு ஹிட்டு."

ராய்ஸ் அன்று முதன்முறையாகப் பலகையைப் பார்த்தார். பிறகு முன்வரிசையைப் பார்த்தார். அந்த நாற்காலியில் யாரும் இல்லை.

"எப்ப மாத்துனாங்க?"

"நீங்க சட்ட மாத்தப் போனப்ப."

"உனக்குத் தெரியுமா?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

ராய்ஸ் திரும்பி நடந்தார். பதிவாளர் அறைக்குப் போகும் இரும்புப் படிகளில், ஆணி வைத்த காலணிகள் கடகடக்க ஏறினார். நெஸ்டர் கீழே நின்று பார்த்தான். கதவைத் தட்ட அவர் வலக்கையை உயர்த்த முயன்றார். அது விலாவுக்கு மேல் எழவில்லை. இடக்கையில் பந்து இருந்தது. சற்று நின்றார். பிறகு காலால் உதைத்தார்.

"தெறந்துதாங்க இருக்கு" என்று அம்மையாரின் குரல் உள்ளிருந்து கேட்டது.